பாகற்காய் இனித்த நாற்பது நாள்

ஆமாம்பட்டி என்ற ஊரை வரைபடத்தில் தேட வேண்டாம். நிலம் அளக்க வந்த அதிகாரி, "இந்த ஊருக்குப் பேர் உண்டா?" என்று கேட்டாராம். "ஆமாம்" என்றார்களாம். அவர் அதையே எழுதிக்கொண்டு போய்விட்டார். அதற்கு முன் என்ன பெயர் என்று அங்கே யாருக்கும் தெரியாது. வேறு யாரும் கேட்டதில்லை என்பதால் தேவைப்படவும் இல்லை.

அந்த ஊரில் ஒரே வீட்டில் நான்கு அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். மூத்தவர் சடையாண்டி. மூன்றாம் வகுப்பில் மூன்று வருடம் உட்கார்ந்தவர். மும்மூன்று ஒன்பது என்பதால் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவர் என்று ஊரில் அவருக்குத் தனி மரியாதை. அடுத்தவர் ஒச்சப்பன். எதையும் யோசித்துத்தான் செய்வார்; அவர் யோசித்து முடிப்பதற்குள் வேலை முடிந்திருக்கும். மூன்றாமவர் மொக்கையன், சமையல் அவர் பொறுப்பு. கடைக்குட்டி தவசி. நால்வரில் கல்யாணம் ஆனது இவன் ஒருவனுக்குத்தான். மாப்பிள்ளை பார்க்க வந்த அன்று அவனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்படி வந்து சேர்ந்தவள் இருளாயி. எழுத்து வாசனை அறியாதவள். ஆனால் அந்த வீட்டில் மூளை இருந்த ஒரே ஆள் அவள்தான். அவர்களுக்கு ஐந்து வயதில் ஒரு மகள், பேச்சி. மகள் என்றால் தவசிக்கு உயிர். அவள் சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் அதிலேயே போட்டுச் சாப்பிடுகிறவன் அவன்.

ஒரு சித்திரை மாதம் இருளாயியின் தங்கைக்குப் பேறுகாலம் வந்தது. கிளம்புகிற நாளில் அவள் நால்வரையும் வரிசையாக நிற்க வைத்தாள். கையில் ஒரு புத்தகம் இருந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று பெற்றவர்களுக்காக யாரோ எழுதியது. டவுன் கடையில் கேட்டு வாங்கி வந்திருந்தாள்.

"நாப்பது நாள்ல வருவேன். வர்றப்ப புள்ள நாலு வார்த்தை வாசிக்கணும். வாசிச்சா இங்கனயே இருந்து பள்ளிக்கூடம் போகட்டும். இல்லேன்னா எங்கண்ணன் வீட்டுல விட்டுப் படிக்க வச்சுருவேன்" என்றாள். தவசிக்கு அப்போதே கண் கலங்கிவிட்டது. அவள் படியிறங்கியவள் திரும்பி நின்று இன்னொன்றும் சொன்னாள். "இதுல என்ன எழுதியிருக்கோ அதை அப்படியே செய்ங்க. சொந்தமா மட்டும் யோசிச்சுராதீங்க."

அந்தக் குடும்பத்தின் வரலாற்றில் இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்ட கட்டளை வேறு இல்லை.

குழந்தையை மடியில் உட்கார வைத்துப் புத்தகம் வாசித்துக் காட்டுங்கள் என்று முதல் பக்கத்தில் இருந்தது. யார் மடி என்று எழுதவில்லை. ஒருவர் மடியில் வைத்து, அது தப்பான மடியாகப் போய்விட்டால்? ஆகவே நால்வரும் முழங்காலோடு முழங்கால் இடிக்க நெருங்கி உட்கார்ந்து, நான்கு மடியின் மேலும் பேச்சியை நீளவாக்கில் படுக்க வைத்தார்கள். சடையாண்டி வாசித்தார். புத்தகம் என்றால் அட்டையிலிருந்துதானே தொடங்க வேண்டும்? பதிப்பகத்தின் முகவரி, அச்சகத்தின் முகவரி, இரண்டுக்கும் தொலைபேசி எண் என்று முறையாகப் போனார். உள்ளே கதை எதுவும் வருவதற்குள் பேச்சி தூங்கிவிட்டாள். மொக்கையன் மட்டும் கண் கலங்கியிருந்தார். அச்சகம் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்தது அவர் மனதைத் தொட்டுவிட்டது.

குழந்தையின் ஆர்வம் எங்கே போகிறதோ அதன் பின்னால் நீங்களும் போங்கள் என்றது அடுத்த பக்கம். பேச்சியின் ஆர்வம் காலையில் கட்டிலுக்கு அடியில் போனது. நால்வரும் பின்னால் போனார்கள். கோழிக்குஞ்சைத் துரத்தி அவள் மறுபக்கமாக வெளியே ஓடினாள். இவர்களும் எழுந்தார்கள். கட்டில் முதுகில் ஏறிக்கொண்டது. அது எட்டுக் காலோடு தெருவில் நடந்து போனதைப் பார்த்தவர்கள் ஆமாம்பட்டியில் பலர் உண்டு. கட்டிலுக்கு இருக்கும் கால் நாலையும் கூட்டினால் பன்னிரண்டு என்று சொல்பவர்களும் உண்டு. அந்தச் சர்ச்சை இன்னும் தீரவில்லை.

பிறகு, பொருள்களை நிறவாரியாகப் பிரிக்கச் சொல்லுங்கள் என்று வந்தது. பேச்சி உற்சாகமாகப் பிரித்தாள். அரிசி, உப்பு, சுண்ணாம்பு, துணி துவைக்கிற தூள், நான்கு வேட்டி, ஒரு கோழி எல்லாம் வெள்ளை. மறுநாள் மொக்கையன் வெள்ளையிலிருந்து கை நிறைய அள்ளிச் சோறு வடித்தார். பானை நுரைத்து வழிந்து முற்றத்தைத் தாண்டி ஓடியது. சாப்பிட முடியவில்லை. ஆனால் பானை அவ்வளவு சுத்தமாக அதற்கு முன் இருந்ததில்லை என்று சடையாண்டியே ஒத்துக்கொண்டார்.

ஒரு வாரம் போயிற்று. பேச்சிக்கு ஓர் எழுத்தும் வரவில்லை. தவசி சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டான். அப்போதுதான் பதினோராம் பக்கம் வந்தது. வீட்டிலுள்ள எல்லாவற்றின் பெயரையும் சீட்டில் எழுதி அதனதன் மேல் ஒட்டுங்கள். தொடும்போதெல்லாம் வாசித்துக் காட்டுங்கள்.

சுவரொட்டிக்குக் காய்ச்சுவது போல ஒரு சட்டி மைதாப் பசை காய்ச்சினார்கள். கதவு, குடம், உரல், கட்டில், முக்காலி, வெல்லம், பாகற்காய் என்று ஒட்டிக்கொண்டே போனார்கள். ஆட்டின் நெற்றியில் 'ஆடு'. தங்கள் சட்டையில் 'பெரிய பெரியப்பா', 'நடுப் பெரியப்பா', 'சின்னப் பெரியப்பா', 'அப்பா'. 'அம்மா' என்ற சீட்டை ஒட்ட ஆள் இல்லாததால், ஆணியில் தொங்கிய இருளாயியின் பழைய சேலையில் ஒட்டினார்கள். அன்று முதல் மொக்கையன் சமைத்தால், "அடுப்பு, கரண்டி, உப்பு, கரண்டி, அடுப்பு" என்று தெருமுனை வரை கேட்டது.

ஒட்டி முடித்ததும் ஒச்சப்பன் ஒரு பெரிய கேள்வியை எழுப்பினார். "அண்ணே, இதுவரைக்கும் குடத்தை நாம எப்படிக் குடம்னு கண்டுபிடிச்சோம்?"

சடையாண்டி நெடுநேரம் மீசையைத் தடவினார். "சும்மா பழக்கத்துலதான்டா. கேட்டா ஆதாரம் கிடையாது. இப்பத்தான் எழுத்துல இருக்கு."

"அப்ப இனிமே பொருளைப் பாக்க வேண்டியதில்லை?"

"சீட்டைப் பாரு, போதும். இருளாயி என்ன சொன்னா? எழுதியிருக்கிறபடி."

பத்தே நாளில் பேச்சி எல்லாச் சீட்டையும் படிக்கத் தொடங்கிவிட்டாள். இது பெரியவர்கள் யாருக்கும் தெரியாது. அவளைக் கேட்டுப் பார்க்கும்படி எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை.

ஒரு நாள் பசை காய்ந்து குடத்தின் சீட்டு உதிர்ந்தது. பேச்சி அதை எடுத்து விளையாட்டாக முக்காலியில் ஒட்டினாள். கொஞ்ச நேரத்தில் ஒச்சப்பன் வந்தார், சீட்டைப் படித்தார், முக்காலியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். வரிசையில் நின்றார். பிடித்தார். திரும்பி வந்து, "குடம் எங்கயோ ஓட்டை" என்றார்.

பேச்சி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். உலகம் எப்படி நடக்கிறது என்று சிலருக்கு அறுபது வயதில் புரியும். அவளுக்கு அன்றே புரிந்துவிட்டது.

அவளுக்குப் பாகற்காய் ஆகாது. சாயங்காலமே 'பாகற்காய்' சீட்டு வெல்லத்துக்கு மாறியது. மறுநாளிலிருந்து தினமும் வெல்லத்தை நறுக்கிப் புளி ஊற்றிக் குழம்பு வைத்தார்கள். "இந்த வருசம் காய் கசப்பே இல்ல" என்றார் மொக்கையன். "மழை பத்தாது" என்றார் சடையாண்டி. 'கட்டில்' உரலுக்குப் போனது. மூத்தவர் அதன் மேல் சுருண்டு படுத்து, கயிறு கொஞ்சம் இறுகிவிட்டது, தளர்த்தணும் என்றார்.

ஒரு காலையில் தவசி எழுந்து பார்த்தால் அவன் சட்டையில் 'நடுப் பெரியப்பா' என்று இருந்தது. 'அப்பா' ஒச்சப்பனிடம் இருந்தது.

தவசி அந்தச் சீட்டைத் தடவிப் பார்த்தான். "அண்ணே, அப்ப எம்புள்ள?"

"உனக்குத் தம்பி மக மாதிரி. ஆசையாப் பாத்துக்க" என்றார் ஒச்சப்பன், பெருந்தன்மையாக.

தவசி கொல்லைப்புறம் போய் அழுதுவிட்டு வந்து, இனி எப்போது அப்பா ஆவேன் என்று பேச்சியிடமே கேட்டான். அவள் அவன் முதுகில் ஏறிக்கொண்டு ஊரைச் சுற்றி வரச் சொன்னாள். இரண்டு சுற்று. அதற்குப் பின் அந்த வீட்டில் யார் முதுகு கொடுத்தாரோ அவரே அன்றைக்கு அப்பா என்று ஆயிற்று.

ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைதானே. முப்பத்து மூன்றாம் நாள் அவளுக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது. ஆட்டின் மேல் சாய்ந்து அழுதாள். ஆடு நகராமல் நின்றது. பேச்சி எழுந்து போய், சேலையிலிருந்த 'அம்மா' சீட்டை எடுத்து ஆட்டின் நெற்றியில் ஒட்டினாள். அங்கிருந்த 'ஆடு' சீட்டைச் சேலையில் ஒட்டினாள்.

நால்வரும் வந்து பார்த்துத் திகைத்துப் போனார்கள். "நாப்பது நாள்னா. ஒரு வாரம் முன்னாடியே வந்து நிக்கிறா" என்று சடையாண்டி துண்டை இடுப்பில் கட்டினார். தவசி கைகட்டி நின்று, தங்கச்சிக்கு என்ன குழந்தை என்று விசாரித்தான். ஆடு பதில் சொல்லவில்லை. கோபமாக இருக்கிறாள் என்று எல்லாரும் புரிந்துகொண்டார்கள். அவளுக்குப் பாயும் தலையணையும் போட்டார்கள். மைதாப் பசையில் ஊறிய வழிகாட்டிப் புத்தகத்தை அவள் அன்றே அட்டை முதல் அட்டை வரை தின்று முடித்தாள்.

"இருளாயிக்குத்தான் படிக்கத் தெரியாதே" என்றார் ஒச்சப்பன்.

"அதான் தின்னுட்டா" என்றார் சடையாண்டி.

சேலைக்கு முன்னால் வேளை தவறாமல் தழை போட்டார்கள். சேலை தொடவே இல்லை. ஆடு நோய்ப்பட்டுவிட்டது என்று கவலைப்பட்டார்கள். அந்தத் தழையையும் இருளாயிதான் தின்று தீர்த்தாள். எதையும் வீணாக்க மாட்டாள் என்று தவசி பெருமைப்பட்டான்.

நாற்பதாம் நாள், பேருந்திலிருந்து இறங்கிப் பையோடு வந்த இருளாயியை வாசலில் சடையாண்டி மறித்தார். முகத்தைப் பார்த்தால் இருளாயி போலத்தான் இருந்தது. ஆனால் சீட்டு இல்லை.

"யாரும்மா வேணும்?"

"என்னது, யாரா? நான் இருளாயி."

"இருளாயி உள்ள படுத்து அசை போட்டுக்கிட்டு இருக்கா. தொந்தரவு பண்ணாதம்மா."

அவள் அவரை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு உள்ளே போனாள். பேச்சி ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். இருளாயி சுற்றிலும் பார்த்தாள். எங்கு பார்த்தாலும் சீட்டு. மனதுக்குள் ஒரு நம்பிக்கை வந்தது. வெல்லத்தைக் காட்டி, "அதுல என்ன எழுதியிருக்கு, வாசி" என்றாள்.

"பாகற்காய்" என்றாள் பேச்சி.

இருளாயிக்கு எழுத்துத் தெரியாது. வெல்லம் தெரியும். உரலைக் காட்டினாள். "கட்டில்." சேலையைக் காட்டினாள். "ஆடு." தலையணையில் படுத்திருந்த ஆட்டைக் காட்டினாள். பேச்சி தயங்கித் தாயைப் பார்த்து, மெதுவாக, "அம்மா" என்றாள்.

"அட்சரம் பிசகல" என்று நான்கு பேரும் ஒரே குரலில் சான்று சொன்னார்கள். அதோடு இருளாயிக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது. பேச்சியின் பாவாடை சட்டைகளை எடுத்துப் பையில் வைக்கத் தொடங்கினாள். தவசி வாசற்படியில் போய் உட்கார்ந்துவிட்டான். அன்றைக்கு அவன் 'சின்னப் பெரியப்பா'. தடுக்கிற உரிமைகூட இல்லை.

பேச்சி பையைப் பார்த்தாள். தவசியைப் பார்த்தாள். வேகமாகப் போய் வெல்லத்தின் சீட்டைப் பிய்த்துப் பாகற்காயில் ஒட்டினாள்.

இருளாயியின் கை நின்றது. எழுந்து வீடு முழுக்கவும் நால்வர் சட்டையிலும் இருந்த சீட்டுகளைப் பிய்த்து மடியில் போட்டுக் குலுக்கினாள். சேலையில் இருந்ததையும் ஆட்டின் நெற்றியில் இருந்ததையும் மட்டும் அவள் தொடவில்லை. கைக்கு வந்ததை எடுத்துப் பிள்ளையிடம் நீட்டினாள். பேச்சி பார்த்தாள், போய்க் குடத்தின் மேல் வைத்தாள். அடுத்தது கதவு. அடுத்தது உரல். இருளாயி குடத்தின் சீட்டைத் திருட்டுத்தனமாக எடுத்து மறுபடி கலந்து நீட்டினாள். அது மறுபடி குடத்துக்கே போனது. மூன்றாம் தடவையும் போனது. வாசிக்கத் தெரியாத ஒருத்தி வாசிப்பைச் சோதித்த விதம் இது. இதைவிட நல்ல தேர்வு முறையைப் பள்ளிக்கூடங்களில் நான் கண்டதில்லை.

'அப்பா' வந்தது. பேச்சி வாசற்படிக்குப் போய்த் தவசியின் சட்டையில் ஒட்டி அழுத்தினாள்.

"நாளைக்கும் நானேதானா?" என்றான் தவசி.

"ம்."

பிறகு ஆட்டின் நெற்றியில் இருந்ததைப் பிய்த்து, கொஞ்சம் பசை தொட்டு, தாயின் நெற்றியில் ஒட்டினாள். "என்னடி எழுதியிருக்கு இதுல?" என்று கேட்டாள் இருளாயி. பிள்ளை சொன்னாள். இருளாயி பையிலிருந்த துணிகளை வெளியே எடுத்து வைத்தாள். "எப்ப வந்த இருளாயி?" என்று சடையாண்டி அன்போடு விசாரித்தார்.

கடைசியாகப் பேச்சி சேலையிலிருந்த 'ஆடு' சீட்டை எடுத்து ஆட்டின் நெற்றிக்குக் கொண்டுபோனாள். ஆட்டுக்கு மைதாப் பசையின் வாசனை பழகியிருந்தது. நாக்கை நீட்டி, சீட்டை வாங்கித் தின்றுவிட்டது.

சாயங்காலம் நால்வரும் வீட்டைச் சுற்றி வந்து சரிபார்த்தார்கள். எல்லாம் இருந்தது. ஆட்டை மட்டும் காணவில்லை. புதுச்சீட்டு எழுதி ஒட்டலாமே என்றாள் இருளாயி. "ஆடு கிடைக்கட்டும், எழுதி ஒட்டுவோம்" என்றார் சடையாண்டி.

இருட்டுவதற்குள் தேடிவிட வேண்டுமென்று உடனே கிளம்பினார்கள். அடையாளம் காட்ட வசதியாக இருக்கட்டும் என்று முற்றத்தில் நின்ற அந்தப் பெயரில்லாத பிராணியையும் கயிற்றில் கட்டி ஓட்டிக்கொண்டு போனார்கள். டீக்கடை வாசலில் ஊர்ப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"எங்க ஆட்டைப் பாத்தீங்களா? அசலா இதே மாதிரி இருக்கும். இதே நிறம், இதே கொம்பு, இடது காதுல இதே வெட்டு" என்றார் சடையாண்டி.

பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார். கண்ணாடியை எடுத்து மாட்டினார். குனிந்து அதன் கொம்பைப் பார்த்தார், காதைப் பார்த்தார், வாலைத் தூக்கியும் பார்த்தார். பிறகு நிமிர்ந்து வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"இல்லப்பா. இந்த மாதிரி ஒரு ஆட்டை நான் பாத்ததே இல்ல."