அரை டிகிரி

"முப்பத்தோரு வருசமும் பொய்யாப் போச்சும்மா" என்று சொல்லி, இன்னாசி துணிப்பையைப் பேராசிரியையின் மேசைமேல் இறக்கினார்.

பைக்குள் முப்பத்தொரு நோட்டுகள். தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு சின்னத் தோணித்துறையில், தினமும் காலை ஏழு மணிக்கு வாளியில் கடல்நீர் மொண்டு, தெர்மாமீட்டரை முக்கி, சூட்டைப் பார்த்து எழுதிவைத்தவை. மகள் கல்யாணத்தன்றுகூட மாப்பிள்ளை வீட்டாரைக் காக்கவைத்துவிட்டு வாளியோடு போன மனுஷன்.

அந்த எண்களைப் படிக்க அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் பேராசிரியை குமுதவல்லி. அவரைவிடப் பதினைந்து வயது சின்னவள். ஆனாலும் யார் கேட்டாலும் அவளைத்தான் தன் குரு என்பார். கடலின் சூடு ஒரு வருடம் ஏறும், இரண்டு வருடம் இறங்கும், அதன் போக்கு தெரிய ஓர் ஆயுள் வேண்டும் என்று அவள் சொன்னதை நம்பித்தான், துறைமுக ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் வாளியை விடவில்லை.

என்ன நடந்தது என்று அவள் கேட்டாள்.

போன மாதம் ஆபீசிலிருந்து புதுக் கருவி வந்ததாம். பழையதையும் புதியதையும் ஒரே வாளியில் வைத்துப் பார்த்தாராம். பழையது அரை டிகிரி கூடக் காட்டியதாம். இருபது நாள் பார்த்தும் அதே அரை டிகிரிதானாம்.

"எல்லாத்தையும் அடுப்புல போட்டுரட்டுமா?"

"நடுவுல எப்பவாவது தெர்மாமீட்டரை மாத்துனீங்களா அண்ணாச்சி?"

இன்னாசி தலையைக் குனிந்துகொண்டார். மாற்றச் சொல்லி இரண்டு தடவை ஆள் வந்தது. கைக்குப் பழகியதே போதும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

"மாத்தலம்மா. என் பிடிவாதம்."

அவள் ஒரு பென்சிலை நீட்டினாள். முதல் பத்து வருடத்துச் சராசரியும் கடைசிப் பத்து வருடத்துச் சராசரியும் வேண்டும் என்றாள். மாதக் கடைசிகளில் நோட்டில் எழுதிவைத்திருந்த சராசரிகளை வைத்து மத்தியானம்வரை கணக்குப் போட்டார். 28.4. 28.8.

"எவ்வளவு கூடியிருக்கு?"

"புள்ளி நாலு. ஆனா ரெண்டுமே தப்பும்மா."

"ரெண்டுலயும் அந்த அரை டிகிரியைக் கழிங்க."

கழித்தார். 27.9. 28.3. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை கழித்துப் பார்த்தார்.

"புள்ளி நாலு" என்றார்.

அவள் அலமாரியில் வேறு தோணித்துறைகளின் நோட்டுகளும் உண்டு. மூன்று நான்கு முறை கருவியை மாற்றி, எப்போது மாற்றினோம் என்று எழுதாமல் விட்டவை. ஏறியது கடலா கருவியா என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

குமுதவல்லி எழுந்தாள். இன்னாசியின் முதல் நோட்டை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இன்னாசிக்கு அழுகை வந்துவிட்டது. மடியிலிருந்து பழைய தெர்மாமீட்டரை எடுத்தார். திரும்பிப் போகும் வழியில் கடலில் வீசத்தான் கொண்டுவந்திருந்தார். அதை வேட்டி நுனியால் துடைத்தார்.

"இதை என்ன பண்ணட்டும்மா?"

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு," என்றாள் குரு, "புதுசோட சேர்த்து இதையும் முக்குங்க."