டிராக்டரில் ஏறிய பள்ளிக்கூடம்

எங்கள் ஊராட்சித் தலைவர் சிங்காரம் கடைசியில் போட்டாரே ஒரு கும்பிடு, அதைச் சொன்னால் வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள். இப்போது சொல்ல மாட்டேன். முதலில் ஒரு கல்லைப் பற்றிக் கேட்டாக வேண்டும்.

‘இவ்விடத்தில் சிறுவர் ஆயத்தப் பள்ளி இயங்கிவந்தது’ என்று செதுக்கிய நினைவுக்கல் ஒன்று சர்க்காரிடமிருந்து எங்கள் கோணாம்பட்டிக்கு வந்து இறங்கியது. வெள்ளைக்காரன் காலத்தில், பெரிய பள்ளியில் சேருமுன் பையன்களைப் பழக்கிய பள்ளி அது. கட்டடம் இடிந்து வெட்டவெளியானதும் நாங்கள் அங்கே கிரிக்கெட் ஆடினோம். பிறகு தலைவர் கொட்டகை போட்டுவிட்டார். எங்கள் ஸ்டம்பில்தான் இப்போது அவருடைய எருமை கட்டியிருக்கிறது.

என் தொண்டைக்குள் நாலைந்து பேர் குடியிருக்கிறார்கள். அதில் கனத்த குரல்காரரை எழுப்பி, தலைவருக்குப் போன் போட்டேன்.

“ஆபீசர் பேசறேன்! நாளைக்குத் திறப்புவிழா. கல்லு எந்த இடத்துல நிக்குதோ, அந்த இடம் சர்க்காருக்குச் சொந்தம்!”

தலைவர் எழுந்து நின்று போனைக் கும்பிட்டாராம். நான் சொன்ன கும்பிடு இது இல்லை, பொறுங்கள்.

உடனே கூட்டம் கூடியது.

“கொட்டகையில வேணாம். வேற எங்க வெக்கலாம்?” என்றார் தலைவர்.

துணைத்தலைவர் பரஞ்சோதி தாடையைத் தடவினார். “கல்லுல ‘இவ்விடத்தில்’னு போட்டிருக்கே. அப்ப எங்க வெச்சாலும் பள்ளிக்கூடம் அங்கதானே இருந்திருக்கும்?”

“அட, ஆமாய்யா! அப்ப உன் தென்னந்தோப்புல வெச்சிரலாம்.”

கல் தோப்புக்குப் போனது. பரஞ்சோதி அதைப் பார்த்துக் கதறினார். “ஐயோ, எங்க தாத்தா வெச்ச தோப்பு இப்பப் பள்ளிக்கூடமா ஆயிருச்சே!”

“ரோட்டோரமா வெச்சா? அது சர்க்கார் இடம்தானே?” என்றார் டிராக்டர் காத்தமுத்து.

தலைவர் சீறினார். “சர்க்கார் இடத்தைச் சர்க்காருக்கே எழுதிக் குடுத்தா, கிண்டல் பண்றோம்னு நெனைக்க மாட்டாங்களா?”

காத்தமுத்து வெகுநேரம் யோசித்தார். “கல்லு நின்னாத்தானே தலைவரே நிலம் போகும்? நிக்கவே விடாம டிராக்டர்ல ஓட்டிக்கிட்டே இருந்தா?”

கூட்டம் கைதட்டியது.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடம் ஊரைச் சுற்ற ஆரம்பித்தது. நிஜ ஆபீசர் வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர். கத்தரிக்கோலும் கையுமாக டிராக்டர் பின்னால் ஓடினார். கல்லில் கட்டிய ரிப்பன் அவருக்கு முன்னால் பறந்தது.

“நிறுத்துங்கப்பா!” என்று கொசு மாதிரிக் கத்தினார்.

“நிறுத்தாதே காத்தமுத்து! நிறுத்தினா நிலம் போச்சு!” என்று தலைவரும் கூடவே ஓடினார்.

டீசல் தீர்ந்தது. டிராக்டர் நின்ற இடம், எருமைக் கொட்டகை வாசல்.

தலைவர் எருமையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். ஆபீசருக்கு மூச்சு வாங்கியது.

“உங்க நிலம் யாருக்குய்யா வேணும்? கல்லு சும்மா ஞாபகத்துக்கு!”

“நேத்து நீங்கதானே போன்ல சொன்னீங்க?”

“நான் போனே பண்ணலையே!”

“குரல் கனமா இருந்துச்சே…”

“அவ்வளவு தூரம் ஓடியிருக்காரு தலைவரே,” என்றார் பரஞ்சோதி. “குரலும் இளைச்சிருக்கும்.”

ஆபீசர் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். “தம்பி, குடிக்கத் தண்ணி கிடைக்குமா?”

பதற்றத்தில் என் தொண்டைக்குள் தப்பான ஆள் எழுந்துவிட்டார்.

“இதோ கொண்டுவர்றேன்!”

அந்தக் கனத்த குரலைக் கேட்டதும் தலைவர் எருமையை விட்டுவிட்டு, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி என்னைக் கும்பிட்டார். “ஐயா! வந்துட்டீங்களா!”

கும்பிட்டபடியே என்னை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். ஆபீசரைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

கும்பிட்ட கைகள் மெதுவாகப் பிரிந்தன. அதில் ஒன்று செருப்பை நோக்கி இறங்கியது.