மிசா எந்தக் கையால டீ ஊத்தினா?

ஒரு ஊர்ல ஒரு அம்மா. நம்ம ஊரு இல்லடி, ஜப்பான்ல. பேரு தோமே. அவ பொண்ணு மிசாவை ரொம்ப தூரத்துல, ஒரு ஆத்துக்கு அக்கரையில இருக்கற டீக்கடைக்காரனுக்குக் கட்டிக் குடுத்தா. அந்த ஆத்துக்குப் பாலமே கிடையாது. ஆளுங்க தோள்ல உக்கார வெச்சு, சளக் சளக்னு தண்ணியில நடந்து கொண்டுபோய் விடுவாங்க. கேக்கறியா?

ம்.

மிசா கிளம்பின அன்னிக்கே பேய் மழை. ஆத்தைத் தாண்டினாளா இல்லையா, சேதியே இல்ல. தோமேவுக்குச் சோறு இறங்கல.

அப்புறம் அவ ரோட்டுல வந்து நின்னா. பல்லக்குத் தூக்கறவன் வந்தான். "என் பொண்ணைப் பாத்தியாப்பா?" "நான் முன்னால போறவன் முதுகைத்தாம்மா பாத்தேன்." அப்புறம் கோயிலுக்குப் போயிட்டு ஒருத்தர் வந்தாரு. "இடது கைப் பழக்கம் உள்ள பொண்ணுங்க..." "நான் யாரு கையையும் பாக்கலம்மா." அப்புறம் குதிரைக்காரன். பதிலுக்கு அவன் குதிரைதான் ஹீஹீன்னு கனைச்சுது.

மிசா நல்லாத்தான் இருக்கா, பயப்படாத. அம்மாவுக்குத் தெரியாதே, அதான் பாவம்.

அப்போ அந்த ரோட்டுல ஒரு படக்காரர், மழைக்கு ஓடறவங்க, நூடுல்ஸ் உறிஞ்சறவங்கன்னு எல்லாரையும் வரைஞ்சுக்கிட்டே மிசா கடைக்கு வந்தாரு. மிசா சொன்னா, "உங்க படத்துல எல்லா மூஞ்சியும் ஒரே மாதிரி இருக்கு. நான் இடது கையால டீ ஊத்தறதை அப்படியே போடுங்க. எங்கம்மா கண்ணுல பட்டா கண்டுபிடிச்சிடுவா."

போட்டாரு. ஆனா அச்சடிக்கணும்னா படத்தை மரப்பலகையில குப்புற ஒட்டித்தான் செதுக்கணும். செதுக்கற கிசாகு இருக்கானே, அடுப்புல மீன் கருகற வாசனை வந்ததும் அவசரத்துல நிமித்தி ஒட்டிட்டான்! கர்க் கர்க்னு செதுக்கி அடிச்சுப் பாத்தா, எல்லாம் இடம் வலமா மாறிக் கிடக்கு. அச்சுக்கடை முதலாளி கத்தின கத்துல பூனை ஓடிப் போச்சு. அந்தத் தாளெல்லாம் பொட்டலம் கட்டப் போயிடுச்சு.

ம்?

ஆமா. தோமே வாங்கின கருவாடு அதுலதான் வந்துச்சு. பிரிச்சா, ஆறு. டீக்கடை. டீ ஊத்தற பொண்ணு. தாளைக் கண்ணுக்கிட்ட கொண்டுபோய்ப் பாத்தா. ஆனா வலது கை! "என் பொண்ணு இல்லையே"ன்னு அழுதா பாரு, எனக்கே தாங்கல.

அப்புறம் கண்ணைத் துடைச்சுக்கிட்டுப் பாத்தா, கடை வாசல்ல தொங்கற திரையில எழுத்தெல்லாம் திரும்பி நிக்குது. "என்ன கண்றாவி இது?"ன்னு தாளைப் பின்பக்கமாத் திருப்பி வெயில்ல தூக்கிப் பிடிச்சா. மெல்லிசு தாளா, பளிச்னு தெரிஞ்சுது. எழுத்து நேராச்சு. மருமகன் கடைப் பேரு! கை? இடது கை!

"தாண்டிட்டா! என் மிசா ஆத்தைத் தாண்டிட்டா!"

அவங்க ஊர்ல சன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, காகிதம்தான். தோமே படத்தைத் திருப்பி அதுலயே ஒட்டிட்டா. தினமும் வெயில் வந்ததும், மிசா இடது கையால அம்மாவுக்கு டீ ஊத்துவா. கருவாட்டு வாசனையோட.

"ம்" காணோமே? சரி, மிசா கடையைச் சாத்திட்டா. நீயும் கண்ணைச் சாத்து.