தாண்டவராயர் கொடுத்த சமாதானம்

ராஜாக்கள் யானைமேல் போய்க்கொண்டிருந்த காலத்துக் கதை இது. அப்போது கொன்றையூர் என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊருக்குத் தாண்டவராயர் என்று ஒரு தலைவர் இருந்தார். ஒல்லி உடம்பு, கணீரென்ற குரல், கையெட்டும் இடத்தில் எப்போதும் ஒரு தட்டு வெற்றிலை. ஊரில் எந்தச் சண்டை வந்தாலும் அவர் வீட்டுக்குத்தான் வரும். வந்த வேகத்தில் திரும்பியும் போகும்.

ஏனென்றால் தாண்டவராயரிடம் ஒரு வார்த்தை இருந்தது. "சமாதானமாப் போங்க." வழக்கை முழுவதும் கேட்பதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுவார். சொல்லிவிட்டு வெற்றிலைத் தட்டை நீட்டுவார். வெற்றிலையை வாங்கிக்கொண்டால் வழக்கு முடிந்தது. அப்புறம் அதைப் பற்றி மூச்சு விடக்கூடாது. அதுதான் ஊர்க் கட்டுப்பாடு.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அவரிடம் வந்தவர்கள் எல்லாரும் அடிபட்டவர்கள். அடித்தவன் எதற்கு வரப்போகிறான்? அவன் வீட்டில் சுகமாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். ஆகவே கொன்றையூரில் சமாதானம் முழுவதும் அடிபட்டவர்களுக்கே கிடைத்தது. சிரிக்காதீர்கள்! நம் வீட்டில் இரண்டு பிள்ளைகள் அடித்துக்கொண்டால் நாம் யாரை அதட்டுகிறோம்? அழுகிற பிள்ளையைத்தானே? சத்தம் அங்கிருந்துதானே வருகிறது!

கொன்றையூரிலிருந்து ஒரு புகார்கூட வருவதில்லை என்று ராஜாவுக்கு ஒரே மகிழ்ச்சி. தாண்டவராயருக்கு ஒரு பட்டுக்குடை அனுப்பிவைத்தார். அன்று முதல் வெயில் இல்லாவிட்டாலும் குடை, மழை இல்லாவிட்டாலும் குடை. வீட்டுக்குள் விரித்து அழகு பார்த்து மனைவியிடம் திட்டு வாங்கியதும் உண்டு.

அதே ஊரில் குப்பாச்சி என்று ஒரு பெண். புருஷன் போன பிறகு, ஒரு துண்டு கத்தரித் தோட்டத்தை நம்பி இரண்டு பெண்பிள்ளைகளை வளர்த்துவந்தாள். அவள் தோட்டத்துக்கு மேல்பக்கத்து நிலம் மல்லப்பனுடையது. ஆள் வாட்டசாட்டம். அவன் தெருவில் வந்தால் நாய்கூடக் குரைக்காது.

முதலில் மல்லப்பனின் காளை வேலியைப் பிய்த்துக்கொண்டு வந்து பாதித் தோட்டத்தை மேய்ந்துவிட்டது. குப்பாச்சி தாண்டவராயரிடம் ஓடினாள். "வாயில்லா ஜீவன்மா, அதுக்கென்ன தெரியும்? சமாதானமாப் போ" என்றார். வெற்றிலை வாங்கிக்கொண்டு போனாள்.

பிறகு எல்லைக்கல் இடம் மாறி அவள் தோட்டத்துக்குள் வந்து நின்றது. மறுபடி ஓடினாள். "ஒரு முழ நிலத்துக்கு ஊரைக் கூட்டணுமா? சமாதானமாப் போம்மா" என்றார். மறுபடியும் வெற்றிலை.

மூன்றாவதாக மல்லப்பன் வாய்க்காலையே மண்போட்டு அடைத்துவிட்டான். கத்தரி பூத்திருந்த சமயம். இன்னும் சில நாள் தண்ணீர் வராவிட்டால் செடி கருகிவிடும். செடி கருகினால், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போவதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை.

தாண்டவராயர் வாயைத் திறப்பதற்குள் குப்பாச்சி வெற்றிலைத் தட்டைத் தள்ளிவைத்தாள்.

"வேண்டாம் ஐயா. சமாதானம் சமாதானம்னு எனக்கு நிறையக் கொடுத்துட்டீங்க. என் வீட்ல வைக்க இடமில்லை. அவருக்கும் ஒரு தடவை கொண்டுபோய்க் கொடுங்களேன்!"

தாண்டவராயருக்குச் சுருக்கென்றது. "கொடுத்தாப் போச்சு! இது என்ன பெரிய விஷயம்?" என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மல்லப்பன் காளையின் கொம்புக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். "வாங்க பெரியவரே, என்ன விசேஷம்?" என்றான். தாண்டவராயர் அவன் கையைப் பார்த்தார். பனங்கட்டை மாதிரி இருந்தது. "சும்மாதான் தம்பி. இந்தப் பக்கமா வந்தேன். உடம்பு சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டார்.

இரண்டாம் தடவை வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனார். புளியமரத்திடம் சொன்னார், கிணற்றிடம் சொன்னார், ஓர் ஆட்டிடம்கூடச் சொன்னார். எல்லாம் ஜோராக வந்தது. மல்லப்பன் எதிரில் நின்றதும், "தம்பி, சமாதானம்..." என்று இழுத்தார்.

"என்ன சமாதானம்?"

"ஊர்ல சமாதானம் நல்லா இருக்குன்னு சொல்ல வந்தேன்."

மல்லப்பன் மனைவி சுடச்சுடப் பணியாரம் கொண்டுவந்து வைத்தாள். மறுக்க முடியுமா? வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

வழியில் குப்பாச்சியும் பிள்ளைகளும் எங்கோ தூரத்துக் கிணற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து வந்துகொண்டிருந்தார்கள். பாதிச் செடிகள் தலை தொங்கிக் கிடந்தன. "சொல்லிட்டீங்களா ஐயா?" என்று கேட்டாள் குப்பாச்சி. தாண்டவராயர் உதட்டில் இருந்த எண்ணெயை அவசரமாகத் துடைத்துக்கொண்டார்.

வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. 'அடேய் தாண்டவராயா, ஊரெல்லாம் வாரிவாரிக் கொடுத்த வார்த்தையை ஒருத்தனிடம் கொடுக்க முடியவில்லையே! நீ பெரிய சமாதானக்காரனா? "என்னால் ஆகாது, போ" என்பதைத்தானே இத்தனை நாளாக அழகாகச் சொல்லிக்கொண்டிருந்தாய்! அதற்கு ஒரு பட்டுக்குடை வேறு!' என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

மூன்றாம் தடவை மல்லப்பன் வீட்டுக்குப் போகவில்லை. பணியாரத்தின் மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை. நேராக வாய்க்காலுக்குப் போய், கரையில் நின்றிருந்த மல்லப்பனிடம், "தம்பி, தண்ணியைத் திறந்துவிட்டுட்டுச் சமாதானமாப் போ" என்று சொல்லியேவிட்டார். அந்த நேரம் பார்த்துக் கணீர்க் குரல் கைவிட்டுவிட்டது. கீச்சென்றுதான் வந்தது.

மல்லப்பன் சிரித்துக்கொண்டே ஒரு தள்ளு தள்ளினான். தாண்டவராயர் ஒரு பக்கம், குடை ஒரு பக்கம். தலைமுதல் கால்வரை சேறு. ஊர் ஜனங்கள் ஓடிவந்தார்கள். வந்து என்ன சொன்னார்கள் தெரியுமா?

"விடுங்க ஐயா. போய்க் குளிங்க. சமாதானமாப் போங்க!"

தாண்டவராயருக்குச் சேற்றில் கிடந்தபடியே சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. "அட, எவ்வளவு நல்லாக் கத்துக்கிட்டீங்க! எல்லாம் நான் சொல்லிக்கொடுத்ததுதானே!" என்றார். எழுந்தவர், மல்லப்பன் போட்ட மண்மேட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"போறேன். முதல்ல தண்ணி போகட்டும். அப்புறம் நான் போறேன்."

குப்பாச்சி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி அவர் பக்கத்தில் நின்றாள். பிறகு, மல்லப்பனிடம் வைக்கோல் போரைப் பறிகொடுத்த கிழவர் இறங்கினார். ஆட்டைப் பறிகொடுத்தவன் இறங்கினான். மல்லப்பன் கையால் அறை வாங்கிய செக்குக்காரன் இறங்கினான். தீர்ந்துபோனதாகத் தாண்டவராயர் நினைத்திருந்த வழக்குகள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேற்றில் நின்றன. ஒன்றுகூடத் தீர்ந்திருக்கவில்லை.

மல்லப்பன் சுற்றிலும் பார்த்தான். இவர்களை வீட்டுக்கு அனுப்பிவைக்க எப்போதும் ஒருவர் இருப்பாரே, அவரைத் தேடினான். அவரோ சேறும் சகதியுமாக நடுவில் உட்கார்ந்திருந்தார். முணுமுணுத்துக்கொண்டே மண்வெட்டியை எடுத்தான். "எந்திரிங்க பெரியவரே, வெட்டணும்" என்றான். அவர் நகர்ந்துகொண்டார். வாய்க்கால் திறந்தது. தண்ணீர் சலசலவென்று கத்தரித் தோட்டத்துக்குள் ஓடியது. குப்பாச்சியின் பிள்ளைகள் அதன் கூடவே ஓடினார்கள்.

அதற்குப் பிறகு கொன்றையூரில் சண்டை குறைந்தது என்றா நினைக்கிறீர்கள்? கூடித்தான் போனது! பழைய வழக்கெல்லாம் எழுந்து வந்தன. தாண்டவராயர் வீட்டில் ஒரே கூச்சல். மனிதருக்கு மத்தியானத் தூக்கமே போயிற்று. ஆனால் யார் புகார் சொல்லி வந்தாலும், அவர் முதலில் ஆள் அனுப்பிக் கூப்பிட்டது அடித்தவனைத்தான்.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: அடித்தவனிடம் சொல்லத் துணியாத சமாதானத்தை அடிபட்டவனிடம் சொல்லாதே.