ஊளைக்குப் பதில் சொன்ன கரிச்சான்

ஆம்பல் ஏரியில் ஒரு வழக்கம் இருந்தது. அந்தி சாய்ந்ததும் அக்கரை முள்காட்டு நரிகள் "ஊஊ!" என்று ஊளையிடும். உடனே ஏரியில் இருக்கும் வாத்து, தவளை, ஆமை எல்லாம் தங்கள் சொந்தச் சத்தத்தை விழுங்கிக்கொண்டு "ஊஊ!" என்று பதில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் நரிகளுக்குக் கோபம் வந்துவிடும். என்றைக்கோ பயந்து செய்தது, இப்போது பழகிப்போய்விட்டது.

இந்த ஊளையில் மகா கெட்டிக்காரன் சொக்கன் என்ற கரிச்சான் குருவி. இரட்டைவாலை ஆட்டிக்கொண்டு அவன் ஊளையிட்டால் நரிகளே ஏமாந்துபோகும். "நம்ம பயடா இந்தச் சொக்கன்!" என்று அக்கரையிலிருந்து பாராட்டு வரும். அவ்வளவுதான், அன்றைக்கு அவனுக்குத் தலைகால் புரியாது. நெற்றியில் வெள்ளை நாமம் உள்ள நீர்ப்பறவை, நாமக்கோழி அல்லி "கீக், கீக்" என்று தன் குஞ்சுகளைக் கூப்பிட்டால், "ஐயே! இதெல்லாம் ஒரு குரலா?" என்று முகத்தைச் சுளிப்பான்.

ஏரிக்குத் தலைவர், பை போன்ற பெரிய அலகுள்ள கூழைக்கடா. பேருக்குத்தான் தலைவர்! நரிகள் கண்ணைக் காட்டினால் போதும், மீனை அள்ளிக்கொண்டு போய் அக்கரையில் கொட்டிவிட்டு வருவார். ஒருநாள் அவர், "இனிமேல் ஏரியும் முள்காடும் ஒன்று. நரிகள்தான் நமக்கும் ராஜா!" என்று அறிவித்தார்.

"முடியாது!" என்றாள் அல்லி.

நடுத்திட்டில் ஏறி உட்கார்ந்தாள். பக்கத்தில் தவளைகள் வந்து உட்கார்ந்தன. ஆமைகள் வந்தன, வாத்துகள் வந்தன. கொட்டுகிற மழையிலும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கூழைக்கடா ஏவிவிட்ட கொக்குகள் கொத்தின. சிலர் செத்தே போனார்கள். செத்தவர் இடத்தில் வேறொருவர் வந்து உட்கார்ந்தார். கடைசியில் கூழைக்கடா அக்கரைக்கே பறந்து ஓடிப்போனார்.

சொக்கன் மட்டும் மரத்தில் உட்கார்ந்து, "இதுங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்று சலித்துக்கொண்டான்.

"இனி ஊளைக்குப் பதில் கிடையாது!" என்று ஏரி முடிவு செய்தது. அதோடு இன்னொரு பேச்சும் எழுந்தது. ஏரிக்கரையிலேயே பிறந்து, நண்டு பிடித்துத் தின்றுகொண்டு ஒரு நொண்டி நரி இருந்தான். பெயர் சடையன். குட்டியாக இருக்கும்போது மேற்கு மூலைப் புதைசேற்றில் மாட்டிக் கால் விளங்காமல் போனவன். அவனை என்ன செய்வது?

"முதல்ல இவனை விரட்டுங்க! குரலைக் கேட்டாலே தெரியலையா, இவன் யாரு ஆளுன்னு?" என்று கத்தினான் சொக்கன்.

சடையன் மெல்லச் சொன்னான்: "எனக்கு வேற பேச்சு வராதுங்க. ஆனா வேற ஊரும் கிடையாது."

"இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் அல்லி.

கோடையில் தண்ணீர் வற்றியது. நரிகள் படை திரட்டிக்கொண்டு இறங்கி வந்தன. ஏரி முழுவதும் கோரைப் புதருக்குள் ஒளிந்து மூச்சைப் பிடித்துக்கொண்டது. நரிகள் தேடித் தேடிச் சலித்துப்போயின. அப்போதுதான் ஒரு கிழட்டு நரி குரலில் தேனைத் தடவிக்கொண்டு கூப்பிட்டது.

"சொக்கா! நம்ம பயலே! எங்கடா இருக்கே? நம்ம பாஷை பேசுற உன்னை மீட்கத்தான்டா வந்திருக்கோம்!"

புதருக்கு மேலே நாணலில் இருந்த சொக்கனுக்குத் தொண்டை குறுகுறுத்தது. கீழே அல்லி, "வேண்டாம்டா!" என்று கண்ணாலேயே கெஞ்சினாள். அவன் கேட்டானா? பாழாய்ப்போன பெருமை!

"ஊஊ!"

நரிகள் புதருக்குள் பாய்ந்தன. அல்லியின் கூடு மிதிபட்டது. குஞ்சுகளில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. சொக்கன் நாணலில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தான்.

அப்போது மேற்கு மூலையிலிருந்து இன்னொரு ஊளை கேட்டது. "ஊஊ! எல்லாரும் இங்கதான் இருக்காங்க! ஓடி வாங்க!"

சடையன்! சேற்றின் நட்டநடுவில் நின்றுகொண்டு கூப்பிட்டான். தங்கள் ஆள்தான் கூப்பிடுகிறான் என்று நம்பி நரிகள் விழுந்தடித்து ஓடின. ஓடிய வேகத்தில் புதைசேற்றில் இறங்கின. எழுந்துவர முடியவில்லை. மிச்சமிருந்தவை அக்கரைக்கு ஓட்டம் பிடித்தன. சேற்றிலிருந்து சடையனும் திரும்பி வரவில்லை.

விடிந்ததும் சொக்கன் அல்லியிடம் வந்தான். அவளைப் பார்க்கவே முகமில்லை. "அக்கா, இந்தக் குரல் எனக்கு வேண்டாம். இனிமே நான் வாயே திறக்க மாட்டேன்" என்று அழுதான்.

அல்லி உடைந்த கூட்டிலிருந்து கோரையைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: "குரல்மேல பழி போடாதே சொக்கா. சடையனுக்கும் அதே குரல்தான்."

சொக்கன் அவமானத்தால் குன்றிப்போனான். விரட்டச் சொன்னோமே, அவனையா விரட்டச் சொன்னோம் என்ற நினைப்பு மனதை அறுத்தது.

அன்று அந்தியில் அக்கரையிலிருந்து மறுபடி ஊளை வந்தது. ஏரி பதில் சொல்லவில்லை. சடையன் வழக்கமாகப் படுத்திருக்கும் கரையில் போய் உட்கார்ந்து, சொக்கன் தலைகுனிந்தபடியே காவல் இருந்தான்.

எந்தக் குரலில் பேசினாலும் சரி, ஆபத்து வந்த நேரத்தில் ஊருக்காக நிற்பவரே அந்த ஊர்க்காரர்.