போயிட்டு வாறன்

ஏழு கடலெல்லாம் வேண்டாம், இரண்டு மூன்று கடல் தாண்டினால் போதும், பலெர்மோ என்று ஒரு ஊர். அந்த ஊரிலே ஒரு ரீச்சர் இருந்தாளாம்.

பெயர் டிலக்சி. அங்கேயே பிறந்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பின்னறையில் நம்மாட்களுக்கு இத்தாலியன் படிப்பித்தாள். பிள்ளைகளுக்கு அல்ல, பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு.

ஒருநாள் வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகும் மங்களேஸ்வரி எழும்பவில்லை.

"என்ன அன்ரி?"

"ரீச்சர், என்ர வேலை போகப் போகுது."

மங்களேஸ்வரி, அசுந்தா என்ற கிழவியைப் பார்த்துக்கொள்கிறவள். காலையில் போய்ச் சமைத்து, குளிப்பாட்டி, இரவுச் சாப்பாட்டையும் மூடி வைத்துவிட்டுப் பின்னேரம் வீடு திரும்புவாள்.

"ஏன், வினைச்சொல் பிழைச்சுப் போச்சோ?"

"எல்லாம் சரியாத்தான் சொல்லுறன். வெளிக்கிடேக்க 'வாதோ ஏ வெங்கோ' எண்டுவன். போறன், வாறன். நீங்கள் சொல்லித்தந்த மாதிரியே."

"சரிதானே."

"கிழவி அதை நம்பி, ரெண்டு பேருக்குத் தட்டு வச்சிட்டுக் கதவடியில பாத்துக்கொண்டு நிக்குதாம். சாப்பிடுறதேயில்லை. மகள் வந்து பாத்தா பஸ்தா ஆறிக் கிடக்கு. இன்னொருக்கா இப்பிடி நடந்தா வேற ஆள் பாக்கிறன் எண்டிட்டா."

"அப்ப 'வாதோ' எண்டு மட்டும் சொல்லுங்கோவன்."

மங்களேஸ்வரி காதைப் பொத்தாத குறை.

"வருத்தக்கார மனிசியின்ர வாசலில நிண்டு, போறன் எண்டோ? நீங்கள் இங்க பிறந்தனீங்கள் ரீச்சர். எனக்கு வாய் வராது."

"'நோன் வெங்கோ', வரமாட்டன்?"

"ஐயோ பிள்ளையாரே!"

ரீச்சர் பிளாஸ்கிலிருந்து இரண்டு பேருக்குத் தேத்தண்ணீர் ஊற்றினாள். ஒன்றை மங்களேஸ்வரிக்கு முன்னால் வைத்தாள்.

"இருங்கோ அன்ரி, இந்தா வாறன்."

வெளியே போனாள்.

மங்களேஸ்வரி இருந்தாள். பலகையில் 'போ'வுக்கு ஆறு வடிவம், 'வா'வுக்கு ஆறு வடிவம். வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள்.

தேத்தண்ணீரில் ஆடை படிந்தது.

கீழே அவளுடைய பஸ் வந்து நின்று, போனது.

எழும்பிப் போவோமா? வாறன் என்று சொன்ன பிள்ளையை விட்டுவிட்டு எப்படிப் போவது? குடிப்போமா? ரீச்சருடைய கப் அப்படியே நிறைய இருக்கிறதே.

முதலில் கோபம் வந்தது. பிறகு பயம் வந்தது. பிள்ளை எங்கேயும் விழுந்துகிழுந்து...

கதவு திறந்தது.

"எங்க ரீச்சர் போனனீங்கள்?"

"ஒரு இடமும் இல்லை. கீழ படியில இருந்தனான்."

"படியிலயோ? நான் இங்க நெஞ்சிடிச்சுச் சாகிறன்!"

"தேத்தண்ணி ஏன் குடிக்கேல்லை?"

"நீங்கள் வாறன் எண்டனீங்கள் எல்லோ."

"நாளைக்கு வாறன் எண்டு சொல்லியிருந்தா?"

"நாளைக்கு எண்டா நான் ஏன் பாத்துக்கொண்டு இருக்கிறன்? குடிச்சிட்டு என்ர பாட்டில..."

மங்களேஸ்வரி நிறுத்தினாள்.

ரீச்சர் டஸ்டரை எடுத்து 'போ' வரிசை முழுவதையும் அழித்தாள். 'வா' வரிசை மட்டும் நின்றது.

"நாளைக்கு எண்டதுக்கு இத்தாலியன்ல என்ன சொல்லுறது, ரீச்சர்?"

"தொமானி."

அடுத்த நாள் பின்னேரம். அசுந்தாவின் வாசல்.

"வெங்கோ தொமானி, சிஞ்ஞோரா."

கிழவி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "எத்தனை மணிக்கு?"

"காலமை. எட்டுக்கு."

"எட்டுக்குத்தானே! பிறகேன் இன்னும் நிக்கிறாய்? போ. எனக்குப் பசிக்குது."

முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள்.

மங்களேஸ்வரி அசையாமல் நின்றாள். உள்ளே ஒரு முள்ளுக்கரண்டி தட்டில் பட்டது. திரும்பவும் பட்டது.

அவள் படியிறங்கிப் போனாள்.