கோதண்டபாணியின் கைராசி

கோதண்டபாணிக்கு ஐம்பத்தொரு வயது. பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திக்கொண்டே ஏழு வருடமாக முனைவர் பட்ட ஆய்வு. நெறியாளர் நிலோபருக்கு முப்பத்தாறுதான். இவர் மேடம் என்பார், அவர் சார் என்பார். மரியாதைக்கு இரண்டு பக்கமும் குறைச்சலில்லை.

ஆய்வு இதுதான். தலைமுடி அகலத்தில் கால்வாய் வெட்டிய ஒரு சிப். அதில் தண்ணீரோடு ஈஸ்ட் செல்கள் ஓடும். குறுக்கே மைக்ரோவேவ் அலை. ஒரு செல் கடந்தால் திரையில் ஓடும் கோடு கொஞ்சம் சரிய வேண்டும்.

சரிந்தது. ஆனால் கோதண்டபாணி மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தபடி ஓட்டினால் மட்டும். மற்றவர்கள் தள்ளி உட்கார்ந்து ஓட்டினால் அசையாது. இரண்டு வருடமாக ஆய்வகத்தில் எல்லோரும் சாருக்குக் கைராசி என்றார்கள். அவருக்கும் உள்ளூரப் பெருமைதான்.

பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி அவகாசத்தில் நாற்பது நாள் மிச்சம். இனிமேல் கிடையாது என்று கடிதமே வந்துவிட்டது. ஆய்வேட்டை எழுத ஆரம்பித்துவிடலாமா என்று கோதண்டபாணி கேட்டார்.

நிலோபர் தானே ஒரு சிரிஞ்சை நிரப்பி பம்ப்பில் மாட்டினார். பாருங்கள் என்றார்.

கோதண்டபாணி குனிந்தார். கோடு சரிந்தது. நிமிர்ந்தார், ஏறிக்கொண்டது. மறுபடி குனிந்தார்.

“மேடம், உள்ள ஒண்ணையுமே காணோமே.”

“வெறும் தண்ணிதான் சார்.”

மூடியில்லாத சிப். அதன் மேல் குனிகிற தலை ஒன்று. அலையைக் கலைக்க அது போதும்.

“அப்ப ரெண்டு வருஷமா இது எதைத்தான் பாத்துச்சு?”

“உங்களை.”

அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் பாலிடெக்னிக் பட்டறையில் தகரத்தை வெட்டி, தானே ஒரு பெட்டி செய்து எடுத்துவந்தார். சிப்பை அதற்குள் மூடினார். நாற்காலியை வாசலோரம் போட்டுக்கொண்டார். காலையில் வெறும் தண்ணீர், மத்தியானம் ஈஸ்ட். இரண்டுக்கும் கோடு நேராகவே கிடந்தது. செல் அலைக்கு நெருக்கமாக ஓடட்டும் என்று கால்வாயைப் பாதியாகக் குறுக்கி ஒரு சிப் செய்தார். அடைத்துக்கொண்டது. வேறு சிப் செய்தார். அதுவும் அடைத்தது. இன்னொன்று செய்தார்.

பன்னிரண்டாம் நாள் காலை தண்ணீருக்கு அசையாத கோடு, மத்தியானம் ஈஸ்டுக்குச் சரிந்தது. பழைய சரிவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

கோதண்டபாணி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

“மூடியத் தொறந்து ஒரே ஒரு தடவை பாத்துடட்டுமா மேடம்?”

நிலோபர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இது உங்க கைராசி இல்ல சார். அதுவா வந்திருக்கு. உக்காருங்க.”